பூண்டுப் பரணில் இரண்டு நாள் இருந்த காகிதம்

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைக் கடைச் சீட்டு. அது போக, ஒரே ஒரு தடவை ஒரு அதிகாரியின் முன்னால் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் களை எடுக்கப் போய்விடுகிறேன். முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வார்த்தை தப்பாகலாம், எண்ணிக்கை தப்பாகலாம். ஆனால் நான் செய்ததைச் செய்யவில்லை என்று மட்டும் எங்கேயும் எழுதமாட்டேன்.

கொடைக்கானலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் கூட்டிப் பெருக்கினேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. அங்கே இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு. என் வீடு பள்ளங்கிப் பக்கம். வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால், ஆட்கள் வருவதற்குள் கூட்டித் துடைத்துத் தண்ணீர் பிடித்து வைத்துவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து வைத்தார். பக்கத்தில் ஸ்டாம்ப் பேடையும் வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, பதிவேட்டில் அழுத்தி, "சரி, போம்மா" என்றார். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அப்படித்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு தீர்ந்தால்கூடக் கேட்கமாட்டேன்; யாராவது பார்த்துப் போடும்வரை இலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அவரே விரலைப் பிடித்தார். அதற்குமேல் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதற்கு ஒரு பயம். இப்படியே பதினெட்டு வருஷம் ரேகை வைத்தேன். படிக்கத் தெரியாதவள் என்று எனக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் மலையில் மேகம் இறங்கிவிட்டால் பத்து நாள், பதினைந்து நாள் சூரியன் முகம் தெரியாது. அலுவலகத்து இரும்பு பீரோவுக்குள் கோப்புகளெல்லாம் நமுத்துப் பூசணம் பூத்துவிடும். அதனால் வெயில் கண்டதும் டைப்பிஸ்ட் அம்மா பீரோவைத் திறந்துவிடுவார். நான் கட்டுக் கட்டாக எடுத்துப்போய், பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, தாள் தாளாகப் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைப்பேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். சாயங்காலம் வரிசை மாறாமல் கட்டி உள்ளே வைக்க வேண்டும். வரிசை மாறாமல் எப்படிக் கட்டுகிறாள் என்று ஒருத்தர்கூட யோசித்ததில்லை.

சில தாள்களில் மேலே சிவப்பு மையில் 'மந்தணம்' என்று முத்திரை இருக்கும். அது என்ன சொல் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. புதிதாக வந்த ஒருவர் டைப்பிஸ்ட் அம்மாவிடம் கேட்டார். "வெளிய வாயத் திறக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னதைத் துடைப்பமும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டேன். அந்த முத்திரைத் தாளையும் மற்றத் தாளோடு சேர்த்து என் கையில்தான் கொடுப்பார்கள். பீரோவுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு.

நான் எல்லாவற்றையும் படித்தேன். வெயிலில் காவல் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன சோலி? எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆங்கிலத் தாளென்றால் திருப்பிப் போடுவதோடு சரி. தமிழ்த் தாளென்றால் விடமாட்டேன்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். சேர்ந்த இரண்டாம் வருஷம், ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்து இழுக்கிறார்கள் என்று ஒரு காரட் தோட்டக்காரர் கொடுத்திருந்த மனுவைப் படித்தேன். யார் மேல் மனுவோ அவர் எனக்குத் தெரிந்த ஆளாக இருந்ததால், பஸ் நிறுத்தத்தில் ஒருத்தியிடம் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அந்தக் காரட்காரருடைய தண்ணீர்க் குழாயை யாரோ துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். பயிர் முழுக்க வாடிப்போனது. என்னால்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு வாயைக் கட்டினேன். அதற்கப்புறம் எத்தனையோ படித்திருக்கிறேன். புருஷன் அடிக்கிறான் என்று எழுதிய மனு, அண்ணன் தம்பி சொத்துச் சண்டை, எவருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்று எல்லாம். ஒரு சொல் வெளியே போனதில்லை. ரகசியம் காக்கத் தெரியாதவள் இல்லை நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் வேலையில் இருந்த கடைசி வருஷம், பங்குனி பிறந்திருந்தது. அந்தத் தடவை மழை முந்திக்கொண்டு ஒரு வாரம் மேகம் விலகவில்லை. பிறகு ஒருநாள் பளிச்சென்று வெயில். தாள்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மந்தணம் போட்ட தமிழ்க் கடிதம் ஒன்று கையில் வந்தது. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரின் பெயர் அதில் இருந்தது. அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அதன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்கிறார்கள்.

கடிதத்தின் வாசகம் முழுக்க நினைவில்லை. விஷயம் இதுதான். அந்த ஊர் ஓடைக்கு மேலே, சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்காகப் புதுச்சாலை போட மலையை வெட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க வந்த மண் நிபுணர்கள், பலத்த மழை பெய்தால் வெட்டின இடம் சரிந்து கீழே இருக்கிற வீடுகள் மேல் விழக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். எந்தெந்த வீடு என்று தாளின் பின்பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரோடு வரிசையாக இருந்தது. அந்த வரிசையில் என் தங்கை புருஷன் பெயர் நாலாவது. கடிதத்தின் முடிவில், பொதுமக்கள் பீதியடையக் கூடும் என்பதால் கோடை சீசன் முடியும்வரை இந்த விவரத்தை மந்தணமாக வைக்க வேண்டும் என்று இருந்தது.

சீசன் முடிய இன்னும் மூன்று மாதம். அதற்குள் கோடை மழை முழுக்க வந்து போய்விடும். ஊர் பார்க்க வருகிறவர்கள் வந்து, படகு ஏறி, சாக்லேட் வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் இந்த வீட்டுக்காரர்கள் தெரியாமல் தூங்க வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டு, கூழாங்கல்லைத் தூக்கி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏத்தா, நீயும் மாப்பிள்ளையும் மழைக்கு முந்தி நம்ம வீட்டுக்கு வந்துருங்க. மத்ததெல்லாம் பொறவு பேசிக்கலாம்."

"ஏங்க்கா, மலையா சரியுது? யாரு சொன்னா?"

"தாள்ல இருக்கு. நான் படிச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ படிச்ச. சரி. எங்க வீட்டாளுக்கிட்ட நான் என்னன்னு சொல்ல? எங்கக்கா ஆபீசு கூட்டுறா, அவ சொன்னா, பொட்டியக் கட்டுங்கன்னு சொல்லவா? சிரிச்சே செத்துருவாரு மனுசன்." கையில் இருந்த பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு. அவ பேரும் இருக்கா அதுல?" என்றாள்.

"இருக்கு."

"அவகிட்டச் சொல்லாம நான் மட்டும் மூட்டை கட்டுனா, அவ மூஞ்சில எப்படிக்கா முழிக்க? தாளக் கொண்டா. எல்லாருக்கும் காட்டு. இல்லையா, சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மேல் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் என் தங்கைக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்ற வீடுகளை விட்டுவிடப் பார்த்திருக்கிறேன். அரசாங்கத் தாளில் இருந்ததை என் குடும்பத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வதுதான் திருட்டு. அதைத்தான் நான் முதலில் செய்யப் போனேன். பிறகு செய்ததற்குத்தான் என்னைத் திருடி என்றார்கள்.

தாளை எடுக்க வேண்டுமென்றால் பீரோ திறக்க வேண்டும். பீரோ திறக்க வெயில் வர வேண்டும். திங்கள் முதல் வியாழன்வரை ஒரே மேகம். ஜன்னலைத் துடைத்துத் துடைத்து வானத்தைப் பார்ப்பேன். "என்ன ஆயா, யாரு வர்றாக?" என்று கேலி செய்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் லேசாக வெயில் வந்தது. சாயங்காலம் கோப்பைக் கட்டும்போது அந்த ஒரு தாளை மட்டும் மடித்துத் தூக்குச்சட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் திருப்பி வைத்துவிடலாம் என்பது திட்டம்.

இங்கேதான் நான் செய்த பிசகு. எங்கள் மலைப்பக்கத்து வீடுகளில் பூண்டைப் பிடுங்கித் தண்டோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். விறகுப் புகை ஏற ஏறப் பூண்டு கெடாது, முளைக்காது. பட்டா, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, எந்தக் காகிதம் பத்திரமாக இருக்க வேண்டுமோ அதுவும் அங்கேதான் போகும். கீழே வைத்தால் ஈரம் தின்றுவிடும். முக்கியமான தாள் என்றால் பரண்தான் என்று கை பழகிவிட்டது. யோசிக்கவே இல்லை. அதைத் துணியில் சுற்றிப் பூண்டுக் கொத்துக்கு நடுவே சொருகினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அது அங்கே புகை குடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கை சொல்லிவிட்டதில், அவள் ஊர்க் கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். தாளை நானே படித்தேன். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. முன்பக்கம் முழுக்கப் படித்துவிட்டுப் பின்பக்கத்துப் பெயர்களைப் படிக்கத் திருப்பினேன். இரண்டு மூன்று பெயர் படிப்பதற்குள்ளேயே சத்தமாகிவிட்டது.

"என் பேரா? என் பேரு எதுக்கு அதுல?"

"ஏலே, தள்ளி நில்லுலே, போட்டோ எடுக்கட்டும்!"

"வெரசா எடு, மேகம் எறங்குது!"

மலையிலிருந்து காற்று அடித்துத் தாள் படபடத்தது. நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தங்கையின் கொழுந்தன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்தார். திங்கட்கிழமை காலையில் தாள் பழையபடி கோப்பில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் படம் மலையடிவாரத்துக் கன்னிவாடிச் சந்தைவரைக்கும் போய்விட்டது. தாளைக் கொண்டுவந்தது யார் என்று மட்டும் ஊரில் ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை.

புதன்கிழமை மலைக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டிருந்தார். கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதே அறையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடிதத்தை எடுத்தவர், முகத்தைச் சுளித்து, அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது வாசம்? பூண்டா? புகையா?"

டைப்பிஸ்ட் அம்மா வாங்கி மோந்து பார்த்தார். "ஒன்னும் வாசம் இல்லையே சார்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவரும் மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டில் பிறந்தவர்தான். எங்களுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறாது. அது எங்கள் துணியில், தலைமுடியில், சோற்றில் இருப்பது. எனக்கும்தான் தெரியவில்லை. கீழேயிருந்து வந்த மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க வீட்லயும் பூண்டு உண்டுல்ல? பீரோ சாவி உங்ககிட்டத்தானே?" என்றார். டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் செத்துப்போனது. ஓய்வு பெற அவருக்கு நாலு வருஷம்தான் இருந்தது. அவருக்கும் எனக்கும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. மேசைக்கடியில் தூசி இருந்தால், "கண்ணு எங்க கெடக்கு ஆயா?" என்று எரிந்து விழுகிறவர். ஆனாலும் செய்யாத காரியத்துக்கு அவர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் துடைக்க முடியவில்லை.

"ஐயா, அத எடுத்தது நானு" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டார். "ஆயா, நீங்க போய் டீ சொல்லிட்டு வாங்க."

"நாந்தான் எடுத்தேன். படிச்சேன். கொண்டுபோய்க் காட்டுனேன்."

"படிச்சீங்களா?" பதிவேட்டைப் புரட்டி என் ரேகையைக் காட்டினார். "இது யாரு விரலு?" பிறகு டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்து, "பரவாயில்லையே, பழி ஏத்துக்க ஆள் புடிச்சு வச்சிருக்கீங்க" என்றார்.

மேசை மேல் கிடந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "எங்க, படிங்க."

வாங்கிப் படித்தேன். 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று ஆரம்பித்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் ஒரு எழுத்தை விடவில்லை. நாலாவது வரி வரும்போதுதான் புரிந்தது, அது சாவி வைத்திருந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கென்று அவர் முன்னமே எழுதிக் கொண்டுவந்திருந்த உத்தரவு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவருக்கு அது என் வாயிலிருந்து தெரியவந்தது. நான் நிறுத்தினேன்.

அதிகாரி குல்லாயைக் கழற்றி மேசை மேல் வைத்தார். குரல் மாறிவிட்டது. அரசாங்க ரகசியத்தை வெளியே விட்டால் ஜெயில் என்று தெரியுமா என்று கேட்டார். பிறகு பொறுமையாகவும் சொன்னார். "இன்னும் ஆய்வு முடியல. பாதி வெந்தத எடுத்துக் குடுத்துட்டீங்க. ஜனம் பயந்து இருட்டுல புள்ளையத் தூக்கிட்டு ஓடி, கால் தவறி விழுந்தா யாரு பொறுப்பு? நீங்களா?"

அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இன்றைக்கும் தள்ளமாட்டேன். காரட்காரரின் வாடின பயிரைப் பார்த்தவள் நான். வெளியே போன சொல்லைத் திருப்பி அழைக்க முடியாது என்று எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். "சீசன் முடியட்டும்னு எழுதியிருந்துச்சே ஐயா. ஆய்வு முடியட்டும்னு எழுதலையே?" "அவுக பேரு போட்ட தாளு. அத அவுகளுக்கே காட்டக் கூடாதுன்னா, பின்ன யாருக்கு எழுதுனது?" என்றும் கேட்டேன். எனக்குள்ளே இத்தனை பேச்சு எங்கே கிடந்தது என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவரே ஒரு வழி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவை வைத்தே ஒரு வாக்குமூலம் அடித்து என் முன்னால் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத துப்புரவுப் பணியாளர், திருத்தம் செய்து கழித்துப் போட்ட பழைய தாள் என்று நினைத்து, பூண்டு பொதிய வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார் என்று அதில் இருந்தது.

"ரேகை வச்சிருங்க ஆயா. எச்சரிக்கையோட முடிஞ்சிரும். உங்க வேலையும் இருக்கும், இவங்க வேலையும் இருக்கும்." ஸ்டாம்ப் பேடைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

டைப்பிஸ்ட் அம்மா என்னைப் பார்த்தார். வைத்துவிடு என்று அந்தக் கண் கெஞ்சியது. எனக்கும் கை போனது. பதினெட்டு வருஷம் போன வழி அது, விரலுக்குத் தானாகவே தெரியும். ஆனால் 'கழித்துப் போட்ட பழைய தாள்' என்கிற இடத்தில் கண் நின்றுவிட்டது. நான் விரல் வைத்தால் அந்தக் கடிதம் குப்பை ஆகிவிடும். குப்பைத் தாளில் இருந்ததற்காகவா வீட்டை விட்டுப் போகிறீர்கள் என்று நாளைக்கு இவர்களே ஊரில் மைக் வைத்துக் கேட்பார்கள். தங்கையின் பக்கத்து வீட்டுப் பச்சைப் பிள்ளைக்காரி அங்கேயே படுப்பாள். என் வேலைக்கு அந்த வீடுகள் விலையா?

பேனாவைக் கேட்டேன். அதிகாரி தயங்கி, தன்னுடையதையே கொடுத்தார். அவர்கள் அடித்ததன் கீழே, கோணல் எழுத்தில், இப்படி எழுதினேன்: 'இது பழைய தாள் இல்லை. முத்திரை உள்ள தாள். கோப்பில் இருந்து நான் படித்துத் தெரிந்துதான் எடுத்தேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தெரியாது.' கீழே என் பெயரை முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி என்று முதலில் சொன்னேன். நாலு வரி ஆகிவிட்டது. அதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை.

அன்றோடு வேலை போனது. போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஏட்டம்மா ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வீராப்பு?" என்றார். "சின்ன வயசுல வரலம்மா, அதான்" என்றேன். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் தாளை அங்கே வைக்க வேண்டியிருக்கும் அல்லவா.

டைப்பிஸ்ட் அம்மாவைத் திண்டுக்கல் பக்கம் மாற்றினார்கள். போகிற அன்று பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். நன்றி சொல்ல வரவில்லை.

"எல்லாத்தையும் படிச்சியா ஆயா? என் பெட்டிஷனையுமா?"

அவர் புருஷன் மேல் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த மனு அது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வெயிலில் காயவைத்தது.

"படிச்சேம்மா. யாருகிட்டயும் சொல்லல."

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். என்னைக் கேட்டால் மொத்த விவகாரமும் அவ்வளவுதான். அவருடைய ரகசியத்தை ஊரிடமிருந்து மறைப்பது ஒன்று. ஊர் மேல் விழப்போகிறதை ஊரிடமிருந்து மறைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சிவப்பு முத்திரை குத்தினால் நான் என்ன செய்ய?

அரசாங்கம் அந்தத் தாள் உண்மை என்று இன்றுவரை சொல்லவில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. சாலை வேலை மட்டும் சத்தமில்லாமல் நின்றது. படத்தில் பெயர் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடு, வாடகை வீடு என்று போனார்கள். நல்லதாகவே முடிந்தது என்று எழுதினால் அது பொய். ஒருவர் அவசரத்தில் கறவை மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மண் சரிகிற ஊரில் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணின் தாயார் என்னைக் கண்டால் இன்றைக்கும் மண்ணை வாரித் தூற்றுகிறாள். தூற்றட்டும், அவளுக்கு அதற்கு உரிமை இருக்கிறது.

மலை இன்னும் சரியவில்லை. நாலைந்து மழைக்காலம் போய்விட்டது. "என்ன ஆத்தா, ஒம்ம மலை என்னைக்கு விழுது?" என்று பஸ்ஸில் கேட்கிறார்கள். விழ வேண்டாம் என்றுதான் நானும் கும்பிடுகிறேன். நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு மலை விழ வேண்டாம். விழக்கூடும் என்று எழுதி வைத்திருந்தார்கள், அதைத்தான் சொன்னேன். இன்றைக்கு அதே தாள் கையில் கிடைத்தால் இன்றைக்கும் எடுப்பேன். பரணில் மட்டும் வைக்கமாட்டேன்.

என் தங்கை கன்னிவாடியில் இருக்கிறாள். "இந்த வெக்கையில கொண்டாந்து தள்ளிட்டயேக்கா, பூண்டு மொளைக்குமா இங்க?" என்று போனபோதெல்லாம் திட்டுகிறாள். போன மாதமும் திட்டினாள். திட்டிக்கொண்டே தன் போனில் அந்தப் பழைய படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். இத்தனை நாளில் அதை நான் பார்த்ததே இல்லை. என்னிடம் அந்த மாதிரிப் போன் கிடையாது. பின்பக்கத்துப் பெயர்களை விரலால் தொட்டு எண்ணினேன். பதினொன்று. அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில், காற்றுக்காக இழுத்துப் பிடித்திருந்த என் கட்டைவிரல். விரல் மறைத்த இடத்திலிருந்து ஒரு எழுத்தின் கொம்பு மட்டும் எட்டிப் பார்க்கிறது.

"பன்னெண்டுன்னு அன்னைக்கே நீ சொன்ன மாதிரி இருக்குக்கா" என்றாள் தங்கை.

எனக்கு ஞாபகம் இல்லை. வெயிலில் வைத்துப் படித்தவள் நான்தான். பன்னிரண்டாவதாக ஒரு பெயர் இருந்ததா, இல்லை அது வெறும் தேதியோ கையெழுத்தோ, எத்தனை யோசித்தும் வரவில்லை. மறுநாளே சாலை வெட்டின இடத்துக்குக் கீழே இன்னும் குடியிருப்பவர்களிடம், படத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கலாம் என்று போய்ச் சொன்னேன். "எங்க பேரு தாள்ல இருக்கா? காட்டு" என்றார்கள். என் தங்கை அன்றைக்குச் சொன்ன அதே பேச்சு. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். வாசலிலேயே நிறுத்தி, அது மந்தணம் ஆயா என்றார்கள்.

அதனால்தான் இதை எழுதினேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த பீரோவைத் திறக்கிற இடத்தில் இருக்கலாம். நான் சொன்ன மாதத்தில் தப்பு இருக்கலாம், கிழமையில் தப்பு இருக்கலாம், யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் தப்பு இருக்கலாம். அதையெல்லாம் சரிபார்க்காவிட்டாலும் போகட்டும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் கடைசி வரியை மட்டும் ஒருதரம் பாருங்கள். பதினொன்றா, பன்னிரண்டா? பன்னிரண்டு என்றால் அந்தப் பெயர் யாருடையது? கோப்பு எண் எனக்கு மறந்துபோனது. தேட வேண்டியதில்லை, மோந்து பாருங்கள். எந்தத் தாளில் புகை வாசம் வருகிறதோ அதுதான். பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நேராக அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.